தண்டோராவுக்குக் கூடிய கூட்டம்

எனக்கு நல்ல குரல் என்று நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கு ஏன் சிரமம் என்று நானே சொல்லிவிடுகிறேன். பஞ்சாயத்து ஆபீசில் தண்டோரா போடுகிற வேலை எனக்கு. வரி கட்டக் கடைசி நாள் எது, பாலாற்றில் வெள்ளம் வருகிறதா, காலரா எந்தத் தெரு வரைக்கும் வந்திருக்கிறது, யாருடைய மாடு பட்டியில் அடைபட்டிருக்கிறது, எல்லாம் என் வாயிலிருந்து வந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். நான் சொல்வது முப்பதுகளின் கதை. பத்திரிகை வாங்குகிற வீடுகளை அப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற வீடுகளுக்கெல்லாம் நான்தான் பத்திரிகை.

எங்கள் ஊர் ஆம்பூருக்குப் பக்கத்தில் தோல் பதனிடுகிற ஊர்களில் ஒன்று. பாதி ஜனம் தமிழ் பேசும், பாதி ஜனம் உருது பேசும். சண்டை வந்தால் எல்லோரும் இரண்டையும் பேசுவார்கள். அதனால் தண்டோராவை இரண்டு பாஷையிலும் போட வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். கடைத்தெருவில் பேரம் பேச எனக்கு உருது போதும். சர்க்கார் சமாசாரம் சொல்லத்தான் போதாது. ஒரு தடவை அம்மை குத்தும் நாளை உருதில் அறிவித்தேன். கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று என்ன சொல்லித் தொலைத்தேன் என்று இன்று வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன்தான் என் தோஸ்த். சிரித்து முடித்த பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, நான் தமிழில் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, கணீரென்று உருதில் சொன்னான். அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. நான் தமிழில் சொல்லி நிறுத்துவேன். அவன் கையைத் தூக்கிக்கொண்டு உருதில் ஆரம்பிப்பான். சம்பளம் கிடையாது, உத்தரவும் கிடையாது. அவன் வேலையில் இல்லாத நேரமாக இருந்தால், தமுக்குச் சத்தம் கேட்டதும் எங்கே இருந்தாலும் வந்துவிடுவான். ஊரில் குரலில் எனக்கு அடுத்தபடி அவன்தான். இந்த ‘அடுத்தபடி’யை யாராவது அவனுக்குப் படித்துக் காட்டினால் என்னோடு சண்டைக்கு வருவான்.

தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், அவனுக்குச் சதை சீவுகிற வேலை. ஈரத்தோலைச் சாய்ந்த மரத்தின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தோல் கிழியும், கொஞ்சம் விட்டால் சதை நிற்கும். இரண்டு மணிக்கட்டும் ஒன்றாகப் பேச வேண்டிய வேலை அது. அவன் கை வைத்த தோலுக்கு மதராஸ் வரைக்கும் பெயர் இருந்தது.

தண்டோராவுக்கு ஒரு முறை உண்டு. நாற்சந்தியில் நின்று தமுக்கை அடிக்க வேண்டும். அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடைக்காரன் கடையை விட்டு இறங்க வேண்டும், பெண்கள் வாசலுக்கு வர வேண்டும், போகிறவன் வருகிறவன் நிற்க வேண்டும். கூட்டம் கூடிய பிறகுதான் வாயைத் திறக்கலாம். ஆள் இல்லாத தெருவில் சொல்லிவிட்டு வந்தால், எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை என்று பிறகு ஊரே சாதிக்கும். வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஆபீஸ் குமாஸ்தா எனக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான். கூட்டம் சேர்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த வருஷம் தோல் ஷாப்புக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும், சுண்ணாம்புக் குழியில் இறங்கிக் காலும் கையும் வெந்துபோனால் வைத்தியம் பார்க்க வேண்டும், இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. கல் எறியவில்லை, கதவை உடைக்கவில்லை. வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்காக வெளியூரிலிருந்து ஒரு லாரி நிறையப் போலீஸ் வந்து இறங்கியது. கூடவே புது இன்ஸ்பெக்டர். தெற்குச் சீமைக்காரர். எங்கள் ஊர் நாற்றம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டேதான் நடப்பார். அதை நான் தப்பு சொல்ல மாட்டேன், எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர்களும் முதல் வாரம் அப்படித்தான் நடப்பார்கள்.

முதலில் டீக்கடை பெஞ்சை உள்ளே எடுக்கச் சொன்னார்கள். பெஞ்சுதானே என்று எடுத்தோம். அடுத்து, பாலத்துக் கட்டையில் உட்காரக் கூடாது என்றார்கள். சாயங்காலம் உட்காருகிறவர்கள் வேறு இடம் பார்த்தார்கள். வாசக சாலையைப் பூட்டினார்கள். பூட்டினது பூட்டினதாகவே இருந்தது. கல்யாண ஊர்வலத்தை நிறுத்தி மேளக்காரனின் காதில் ஒரு அறை விட்டார்கள். பாவம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம். ஒவ்வொன்றாகப் பறிபோனபோது ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் தெரிந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எங்கள் தெருவில் நாங்களே பதுங்கிப் பதுங்கி நடந்துகொண்டிருந்தோம். நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்புறம்தான் அந்த உத்தரவு வந்தது. பொது இடத்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது. மீறினால் கைது. குமாஸ்தா அதைப் படித்துக் காட்டி, சந்தைக்கு ஜனம் வருகிற நாள், உடனே போய்த் தண்டோரா போடு என்றார். கூட்டம் கூடாமல் எப்படித் தண்டோரா போடுவது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். மேலிடத்து உத்தரவு, போய் வேலையைப் பார் என்று மட்டும் சொன்னார்.

போனேன். நாற்சந்தியில் நின்று தமுக்கை அடித்தேன். வேலை நிறுத்தக் காலமாகையால் ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் ஊரில் இருந்தார்கள். என்றைக்கும் இல்லாத கூட்டம் கூடிவிட்டது. உத்தரவைத் தமிழில் சொன்னேன். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரோ சிரித்தார்கள். தமிழ் தெரிந்தவர்களில் சிலர் நகரவும் ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல உருதுக்காக நின்றார்கள். என் தோஸ்த் கையைத் தூக்கினான். ஐந்து பேர் சேர்ந்து நிற்காதீர்கள், சர்க்கார் உத்தரவு, கலைந்து வீட்டுக்குப் போங்கள் என்று உருதில் முழங்கினான்.

அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் தன் ஆட்களோடு பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பினார். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெரிய கூட்டம். நடுவில் தாடி வைத்த ஒருவன் கையை உயர்த்தி, அவருக்குப் புரியாத பாஷையில் கத்துகிறான். தெரியாவிட்டால் கேட்கலாம் அல்லவா? கேட்கவில்லை. ஒரு விசில் இல்லை, கலைந்து போ என்று ஒரு வார்த்தை இல்லை. லத்திகள் இறங்கின.

சந்தைக் கூடைகள் காலில் மிதிபட்டன. ஒரு பெண்மணி குழந்தையை மடியில் அடக்கிக்கொண்டு தரையில் குனிந்துகொண்டாள், அவள் முதுகிலும் ஒன்று விழுந்தது. என் தோஸ்த் ஓடவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று அப்போதும் கத்திக்கொண்டிருந்தான். தலையைக் குறிவைத்து வந்த அடியை வலது கையால் தடுத்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சார், அவன் சொல்வது உங்கள் உத்தரவுதான் சார் என்று நான் அலறினேன். என் பிழைப்பில் முதல் தடவையாக என் குரல் யார் காதிலும் விழவில்லை.

ஒருவர் காதில் விழுந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் ஏட்டு சுவரோரமாக நின்றிருந்தார். வீட்டில் உருது பேசுகிறவர், என் தோஸ்த் இருக்கும் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருக்கும். அவர் லத்தியைத் தூக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கைதான மற்றவர்களை எச்சரித்து விட்டுவிட்டார்கள். என் தோஸ்த் மேல் மட்டும் வழக்குப் போட்டார்கள். தடையை மீறிக் கூட்டம் சேர்த்தான், ஜனங்களைத் தூண்டிவிட்டான் என்று குற்றம். நிரூபித்தால் ஜெயில். முறிந்த கைக்குக் கட்டுப் போடக்கூட இரண்டு நாள் ஆளை விடவில்லை. சர்க்கார் தரப்பில் முக்கியமான சாட்சி யார் என்றால், நான். என் தமுக்கையும் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கோபமாக இல்லை, பிரியமாகத்தான். நான் சர்க்கார் ஊழியன், நான் உத்தரவை அறிவித்தேன், அறிவித்த பிறகும் கூட்டம் கலையவில்லை, எதிரி, அதாவது என் தோஸ்த், ஏதோ கத்தினான், அப்போதும் கூட்டம் நின்றது. இதைச் சொன்னால் போதும் என்றார். ஒன்றும் பொய் இல்லையே என்றும் சொன்னார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பொய் இல்லைதான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குத் திருப்தி.

தோஸ்தின் மனைவி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். என் சாட்சியில்தான் அவன் ஜெயிலுக்குப் போவதும் வீட்டுக்கு வருவதும் இருக்கிறது என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்னால் விட்டுவிடுவார்களா என்று கேட்டாள்.

“வுட்டுத்தான் ஆவணும்மா. இவ்ளோ பெரிய வாயை வெச்சிக்கினு நான் இன்னாத்துக்கு இருக்கேன்?” என்றேன்.

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது. எனக்குப் பயம் இல்லையா என்றால், வேலை போகுமே என்கிற பயம் இருந்தது. ஆனால் சாட்சிக் கூண்டைப் பற்றிப் பயமே இல்லை. நாலு பேர் முன்னால் நின்று நடந்ததைச் சத்தமாகச் சொல்வதுதானே என் தொழில்.

வழக்கு வேலூர் கோர்ட்டில் நடந்தது. ஏட்டை முதலில் விசாரித்தார்கள். எதிரி என்ன சொன்னான் என்று எதிரியின் வக்கீல் கேட்டார். அன்றைக்கு ஒரே இரைச்சலாக இருந்தது, சரியாகக் காதில் விழவில்லை என்றார் ஏட்டு. சொல்லும்போது கூண்டுக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தோஸ்த் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து நான். உத்தரவை அறிவித்தாயா, அறிவித்தேன். கூட்டம் இருந்ததா, இருந்தது. கலைந்ததா, இல்லை. சர்க்கார் வக்கீல் சந்தோஷமாக உட்கார்ந்தார். தோஸ்தின் வக்கீல் எழுந்தார். வயசானவர், எங்கள் ஊர்க்காரர், அதிகம் பேச மாட்டார். கூட்டம் ஏன் கலையவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தமிழ் தெரிஞ்சவங்க கெளம்பிட்டாங்க சாமி. மத்தவங்களுக்கு இன்னும் சொல்லி முடிக்கல. இவருதான் உருதுல சொல்லிக்கினு இருந்தாரு. எப்பவும் இவருதான் சொல்லுவாரு.”

யார் கொடுத்த அதிகாரத்தில் என்று சர்க்கார் வக்கீல் எகிறினார். மாஜிஸ்டிரேட் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். அன்றைக்குத் தண்டோரா போட்டது போலவே இங்கே போட்டுக் காட்ட முடியுமா என்று என்னைக் கேட்டார். என் தமுக்கு மேஜை மேல் சீட்டு ஒட்டிக் கிடந்தது. எடுத்துக் கொடுத்தார்கள்.

அடித்தேன். அடித்துவிட்டு, பழக்க தோஷம், காத்திருந்தேன். வராண்டாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புளியமரத்தடியில் வாய்தாவுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பத்திர ஆபீசுக்கு வந்தவர்கள், முறுக்கு விற்கிறவள், வண்டிக்காரர்கள், காவலுக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் என்று வாசலில் ஒரே நெரிசல். டவாலி சேவகன் தடுக்கப் பார்த்து, முடியாமல், அவனும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டான். கூட்டம் சேர்ந்ததும் உத்தரவை ஆதியோடந்தமாகத் தமிழில் சொன்னேன். சொல்லி நிறுத்தினேன்.

நான் நிறுத்தியதும் எதிரிக் கூண்டிலிருந்து என் தோஸ்த் ஆரம்பித்துவிட்டான். யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. நல்ல கையைத் தூக்கிக்கொண்டு, கோர்ட் ஓடு அதிர உருதில் சொல்லி முடித்தான். இதற்கு என்ன அர்த்தம் என்று மாஜிஸ்டிரேட் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். அவர் எழுந்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யாரும் கூட்டம் போடாதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்கிறார் என்றார். வாசலில் கொல்லென்று சிரிப்பு. இன்ஸ்பெக்டர் அந்தக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அவங்க மேல குத்தம் இல்லீங்க. நான் கூப்ட்டேன், வந்தாங்க. அன்னிக்கும் அப்பிடித்தான்.”

என் தோஸ்தை விடுதலை செய்தார்கள். அவன் கூண்டை விட்டு இறங்கவில்லை. முறிந்த கையைத் தூளியிலிருந்து எடுத்து மாஜிஸ்டிரேட்டுக்கு எதிரே நீட்டினான். விரல்கள் ஒரு பக்கமாக மடங்கி நின்றன.

“இதுக்கு?” என்றான்.

அது இந்த வழக்கில் இல்லை என்றார் மாஜிஸ்டிரேட். அவர் கெட்டவர் இல்லை. தனியாகப் புகார் கொடு, பார்த்தவர்களைச் சாட்சிக்குக் கொண்டு வா என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். இனிமேல் அவன் அந்தக் கத்தியைப் பிடிக்க முடியாது என்பது அங்கே எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். ரயிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அவனை விடுதலை செய்துவிட்டார்கள், சரி. அடித்தது யார், ஏன் அடித்தாய் என்று ஒரு மனுஷன் கேட்கவில்லையே என்று மனசு கொதித்தது.

ஊருக்கு வந்ததும் வக்கீல் சொன்னார், புகார் எழுதிவிடலாம், ஆனால் சாட்சி சொல்ல யார் வருவார்கள்? தடை இன்னும் அமலில் இருந்தது. லாரிப் போலீசும் ஊரில்தான் இருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். அடிபட்டவர்களே கதவைப் பாதி திறந்து, எதற்கு வம்பு என்றார்கள். அவர்களைத் திட்டத் தோன்றியது, ஆனால் திட்டவில்லை. நாங்கள் பெஞ்சை உள்ளே எடுத்துப் பழகியவர்கள்தானே.

அடுத்த சந்தை நாளில் ஆபீஸ் என்னை மறுபடியும் அனுப்பியது. தடையை நீட்டித்திருக்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நடந்துகொண்டே சொல், எங்கேயும் நிற்காதே என்று குமாஸ்தா சொல்லி அனுப்பினார். நான் நாற்சந்திக்குப் போய் நின்றேன். என் தோஸ்த் வந்து பக்கத்தில் நின்றான். யாரும் கிட்டே வரவில்லை. கடைக்குள்ளிருந்தும் ஜன்னலிலிருந்தும் காது கொடுத்தார்கள். எனக்கு அது போதும், என் குரல் வீட்டுக்குள்ளும் போகும். சர்க்கார் சொல்லச் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். பிறகு என் சொந்தத் தண்டோராவையும் போட்டேன்.

“அன்னிக்கு இங்க அடி வாங்குனவங்க, அடிச்சதைப் பாத்தவங்க, வக்கீல் ஐயா வூட்டுக்கு வந்து சொல்லலாம். நாலு நாலு பேரா வாங்க. அஞ்சு பேரு வேணாம், அது குத்தம்.”

தோஸ்த் அதையே உருதில் சொன்னான். என்னைவிட ஜாஸ்தி சத்தமாகச் சொன்னான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் ஆபீசுக்குத் திரும்புவதற்குள் எனக்கு வேலை போயிருந்தது. தமுக்கை வைத்துவிட்டுப் போ என்றார்கள். வைத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் வக்கீல் வீட்டு முன்கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் யாரும் வரவில்லை. தெருமுனையில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். பிறகு, அன்றைக்கு முதுகில் அடிபட்ட அந்தப் பெண்மணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூட மூன்று பெண்கள். அவர்கள் சொல்லி முடித்துத் தெருமுனை தாண்டியதும் அடுத்த நாலு பேர் கிளம்பி வந்தார்கள். தோல் ஷாப்புக்காரர்கள், கடைக்காரர்கள், காதில் அறை வாங்கின மேளக்காரன் எல்லோரும் வந்தார்கள். போலீஸ்காரர்கள் ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்தார்கள். நாலுக்கு மேல் ஒரு தலை இல்லை. எங்கள் ஊர் ஜனம் சட்டத்துக்கு அவ்வளவு ஒழுங்காக அடங்கி நடந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தப் புகாரில் இன்ஸ்பெக்டர் ஜெயிலுக்குப் போகவில்லை. மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். தடையும் அதற்கு மேல் நீளவில்லை. அது எங்களுக்குப் போதாது என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் கடைசியாக ஒரு நாலு பேர் வந்தார்கள். மூன்று பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நாலாவது ஆள் வாசல்படியிலேயே நின்றார். வெள்ளைச் சட்டை, லுங்கி, தலையில் ஒன்றும் இல்லை. தலைப்பாகை இல்லாமல் பார்த்ததில் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. எங்கள் ஊர் ஏட்டு. வக்கீல் பேனாவை வைத்துவிட்டார்.

ஏட்டு வக்கீலைப் பார்க்கவில்லை. என் தோஸ்தின் கையைப் பார்த்தார்.

“அன்னிக்கு நீ சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு,” என்றார். பிறகு வக்கீல் பக்கம் திரும்பி, “எழுதிக்குங்க சார். பேரும் போட்டுக்குங்க,” என்றார்.

என் தோஸ்த் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டான்.